நேரலையில் விடுபட்ட பதினோரு நிமிடம்

துடியலூர்,
18.9.2025

அன்பு மகள் அமலிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான் சுகம் என்று எழுதுவதுதான் முறை, உடம்பைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட, சர்க்கரை போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது, கண் மட்டும் பொழுது சாய்ந்தால் கொஞ்சம் மங்குகிறது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஈவானும் ஆண்டவர் காவலில் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஈவானுக்கு இருமல் என்று போன ஞாயிறு சொன்னாய், அந்த ஊர்க் குளிரில் குழந்தையை ஈரத் தலையோடு விடாதே. லியோ மாமாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி இப்போது கைத்தடி இல்லாமலே கோயில் வரைக்கும் நடக்கிறான். மழை இந்த வருஷம் எங்களை ஏமாற்றிக்கொண்டே இருக்கிறது, மேட்டுப்பாளையம் ரோட்டில் போக்குவரத்து மட்டும் ஏமாற்றாமல் பெருகிக்கொண்டே இருக்கிறது. ஞாயிறுதோறும் முகம் பார்த்துப் பேசுகிறவர் எதற்காக இப்படித் தாளில் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறார் என்று நீ நினைப்பாய். துடியலூரில் முதல்முதலாக ஈமெயில் வைத்திருந்தவன் நான், அனுப்ப வேறு ஆள் கிடைக்காமல் எனக்கு நானே அனுப்பிப் பார்த்தேன் என்று சொல்லிச் சொல்லி உன் அம்மா எத்தனை வருஷம் சிரித்திருக்கிறாள். ஆனால் இப்போது சொல்லவேண்டியது உன் முகத்தைப் பார்த்தால் வாயில் வரமாட்டேன் என்கிறது. நாலு ஞாயிறு முயன்று பார்த்தேன், நீ ஈவானைத் தூக்கிக் கேமரா முன்னால் பிடித்ததும் கடைவாய்ப் பல் முளைத்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன மாதம் பதினாறாம் தேதி காலையில் திருமூர்த்தி வந்திருந்தார். வெள்ளக்கிணறு ராசாத்தாள் அம்மாவின் ஒரே மகன், அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருப்பவர். அவர்கள் வீட்டு விஷயம் நடந்தபோது நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய், முழுதாக உனக்குத் தெரிந்திருக்காது, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். அது 2009. திருமூர்த்தியின் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவன் நான், அந்தப் பழக்கத்தில் ஒருநாள் காலை ஸ்டுடியோவுக்குப் போன் செய்தார். அம்மா தவறிவிட்டார்கள், எனக்கு இங்கே வேலை போய்விட்டது, விசா இரண்டுங்கெட்டானாக இருக்கிறது, நாட்டைவிட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், பெண்டாட்டியும் கைக்குழந்தையும் இங்கே இருக்கிறார்கள், எப்படியாவது எங்கம்மா முகத்தை ஒரு தடவை காட்ட முடியுமா என்று கேட்டார். அந்தச் சமயத்தில் லேப்டாப்பில் சொருகுகிற டேட்டா கார்டு ஒன்றைப் புதிதாக வாங்கி வைத்திருந்தேன், எதற்கு வாங்கினேன் என்று எனக்கே தெரியாது, புதிதாக ஒன்று வந்தால் வாங்காமல் இருக்க முடியாது, அது என் குணம். லேப்டாப்பையும் வெப்கேமராவையும் பையில் போட்டுக்கொண்டு எம்-80 வண்டியில் கிளம்பினேன். செய்துவிடலாமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன், அந்தப் பையன் கேட்டிருக்கிறான், போய்ட்டு வாங்க என்றாள்.

அங்கே பந்தலுக்குள் சிக்னல் வரவில்லை. டேட்டா கார்டை நீளமான ஒயரில் மாட்டி மூங்கில் கழியில் கட்டிப் பந்தலுக்கு மேலே தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தேன், அதற்குள் திருமூர்த்தியின் பெரியப்பா வந்துவிட்டார், என்னப்பா எழவூட்டுல வந்து சினிமா புடிக்கறயா என்று கேட்டார். மகன் அந்தப் பக்கத்தில் காத்திருக்கிறார் என்று விளக்கிச் சொன்னேன். பொட்டிக்குள்ள இருந்து வந்து கொள்ளி வெப்பானா என்றார், சுற்றி இருந்த ஆண்கள் தலையை ஆட்டினார்கள். அந்த நேரத்தில் லைன் கிடைத்துவிட்டது. படம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்துதான் வந்தது, நான் லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் அந்த அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "அம்மா, நானுங்கம்மா, திருமூர்த்தி, வந்துட்டனுங்கம்மா" என்று குரல் கேட்டது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் நிறுத்திவிட்டார்கள். பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அதற்கப்புறம் யாரும் என்னைத் தடுக்கவில்லை. வாய்க்கரிசி போடும்போது திருமூர்த்தி அங்கே அவர் வீட்டு அரிசியை எடுத்துத் திரைக்கு முன்னால் போட்டார், அது அவருடைய கீபோர்டில் விழுந்து சிதறிய சத்தம் எங்கள் பக்கம் கேட்டது. லேப்டாப்பை ஒன்றரை மணி நேரம் தூக்கிப் பிடித்திருந்தேன், வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டைப் பிசைய முடியவில்லை, உன் அம்மா ஊட்டிவிட்டாள்.

நல்ல காரியம் செய்தோம் என்று நான் நினைத்தேன், பத்தே நாளில் ஊரில் என் பெயர் எழவு கேமரா சகாயம் என்று ஆகிவிட்டது. கையில் இருந்த கல்யாண ஆர்டர்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஒரு பெண்ணின் தாயார் நேரில் வந்து டீ குடித்து, தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி, சாவு முகத்தைப் பார்த்த கேமரா எங்க பொண்ணு முகத்துல படவேண்டாம்னு ஊட்டுல பெரியவங்க சொல்றாங்க என்று அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். அந்தக் கேமரா வேறுங்க, இது வேறுங்க என்றேன். கை அதே கைதானுங்களே என்றார். உன்னை வகுப்பில் சாவு வீடியோ மகள் என்று கூப்பிட்டார்கள் என்று நீ அழுதுகொண்டு வந்தாய், இன்னும் பத்து வருஷத்தில் ஊரே இதைத்தான் செய்யும் பார் என்று நான் உனக்கு எதிர்காலத்தைப் பற்றி வகுப்பெடுத்தேன். அன்றைக்கு உன்னை மடியில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும், அம்மணி, எனக்கு அது தோன்றவில்லை. அடுத்த வருஷம் நம் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஒரு தாயார் இறந்தார், மகன் குவைத்தில் இருந்தான், அடக்கத் திருப்பலியைக் கோயிலுக்குள்ளிருந்து காட்டவா என்று பங்குப் பேரவையில் கேட்டேன். எதிர்த்து எழுந்து நின்றது வேறு யாரும் இல்லை, லியோ மாமாதான். மச்சான் இப்படிக் காட்ட ஆரம்பிச்சா நாளைக்கு வர முடிஞ்சவனும் வரமாட்டான் என்றான். நான் அவனைப் பத்துப் பேர் முன்னிலையில் பட்டிக்காட்டான் என்று சொல்லிவிட்டேன், அதற்கப்புறம் இரண்டு வருஷம் நாங்கள் பேசவில்லை, அக்காளைப் பார்க்க வருகிறவன் நான் இல்லாத நேரமாகப் பார்த்து வருவான். அந்தச் சண்டை எதனால் என்று உனக்கு அப்போது சொல்லவில்லை.

அந்த வருஷங்களில் என்னைத் தாங்கியவள் உன் அம்மா. ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் இருபது வருஷம் உட்கார்ந்தவள் கிளாடிஸ், ஒரு ஹலோவிலேயே அந்தப் பக்கம் இருப்பவருக்கு என்ன துக்கம் என்று கண்டுபிடித்துவிடுவாள். என்னோடு இந்த வேலைக்கு வருகிறேன் என்று அவளாகவே சொன்னாள். நான் கேமராவைப் பிடித்துக்கொண்டிருப்பேன், அவள் ஓர் ஓரமாகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு, துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனிடமோ மகளிடமோ பேசிக்கொண்டிருப்பாள். என்ன நடக்கிறது என்று விளக்கமாட்டாள், அதுதான் படத்தில் தெரிகிறதே. பக்கத்துல யாரு இருக்காங்க கண்ணு, உக்காந்திருக்கியா, தண்ணி குடிச்சியா என்று கேட்பாள், அவர்கள் அழுதால் அழுது முடிக்கும்வரைக்கும் போனை வைக்கமாட்டாள். எல்லாருடைய பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து முப்பதாம் நாள் அவளாகவே கூப்பிட்டுப் பேசுவாள். அவள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். யார் கேட்டாலும் உங்களால் வர முடியுமா என்றுதான் முதலில் கேட்கவேண்டும், முடியாது என்றால் மட்டும்தான் கேமரா. வரமுடியும் என்று சொன்னவர்களிடம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், எத்தனை மணி விமானம் என்று கேட்டு, இங்கே வீட்டாரிடம் பேசி அடக்கத்தைத் தள்ளிப்போடவும் ஏற்பாடு செய்திருக்கிறாள். அதனால் எங்களுக்கு வேலை குறைந்தது, அதைப்பற்றி அவள் கவலைப்பட்டதில்லை.

பிறகு கொரோனா வந்தது, நாலு பேர் தூக்கிப் போய் அடக்கம் செய்த காலம், உலகமே போனில் பார்த்து அழக் கற்றுக்கொண்டது. பங்குச் சாமியார் அவராகவே என்னைக் கூப்பிட்டார், லியோ மாமா வந்து ஞாயிறு பூசையை நேரலையில் போட எனக்குக் கற்றுக்கொடு மச்சான் என்று முன்னால் நின்றான். கை அதே கைதானே என்று சொன்ன அம்மாளின் கணவர் அந்த அலையில்தான் போனார், பிள்ளைகள் சிட்னியில். அந்த அம்மாளே என்னைத் தேடி ஆள் அனுப்பினார், நான் போனேன், காரியம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், தான் சொன்னதை அவர் மறந்திருந்தார், நான் மறக்கவில்லை. இப்போது எந்த ஸ்டுடியோ போர்டைப் பார்த்தாலும் திருமணம், காதணி விழா என்று எழுதி அதே வரிசையில் இறுதிச் சடங்கு நேரலை என்றும் எழுதியிருக்கிறது. வீடியோகிராபர் சங்கத்தில் எனக்கு முன்னோடி என்று பொன்னாடை போர்த்தினார்கள், அதை உன் அம்மா மிக்சிக்கு உறையாகத் தைத்துவிட்டாள். நான் சொன்னது நடந்துவிட்டது என்ற மிதப்பில் இருந்தேன். அவள்தான் ஒரு மாற்றத்தைக் கவனித்தாள். வர முடியாதுங்களா கண்ணு என்று கேட்டால் முன்பெல்லாம் அந்தப் பக்கம் உடனே அழுகை வரும், இப்போது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் லீவு இல்லீங்க, புள்ளைக்குப் பரீட்சைங்க என்கிறார்கள் என்றாள். அவரவர் சௌகரியம், நமக்கென்ன என்று நான் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவள் என்னோடு வருவதை நிறுத்திக்கொண்டாள், முட்டி வலி என்றாள், நானும் முட்டி வலி என்றே எடுத்துக்கொண்டேன்.

இனி திருமூர்த்தி வந்த விஷயம். அன்றைக்குப் பார்த்ததற்குப் பின் பதினாறு வருஷம் கழித்து இப்போதுதான் ஊருக்கு வந்திருக்கிறார், தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் அனுப்பிய சிடி வீடு மாறும்போது தொலைந்துவிட்டது, உங்களிடம் இருக்குமா என்று கேட்டார். என்னிடம் எல்லாம் ஹார்டு டிஸ்கில் இருக்கிறது, நம் ஹாலில் உட்கார்ந்து இரண்டு பேரும் பார்த்தோம். இன்றைய படத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை, முகம் மூக்கு தெரியாமல் கட்டங்களாக அசைகிறது, குரல் மட்டும் தெளிவாக இருக்கிறது. வந்துட்டனுங்கம்மா என்று அவருடைய குரல் வந்ததும் நிறுத்தச் சொன்னார். அவ்வளவு நேரம் நான் ஒரு பாராட்டுக்குக் காத்திருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் சொன்னது இதுதான். "வெசாப் பிரச்சன மூணே வருசத்துல தீந்துபோச்சுங்ணா. வந்திருக்கலாம். அதான் பாத்தாச்சேன்னு இருந்துபோட்டேன். நேத்து ஊட்டத் தொறந்து உள்ள போனப்பறந்தானுங்ணா எங்கம்மா செத்துப்போச்சுன்னே தெரியுது." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உங்க மேல தப்பே இல்லீங்ணா, அன்னிக்கு நீங்க இல்லீன்னா எனக்கு அதுவும் இல்ல என்றார். காபி சாப்பிட்டார், உன்னை விசாரித்தார், அண்ணி எங்கே என்று கேட்டவர் சுவரில் உன் அம்மா படத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார், அவருக்கு யாரும் சொல்லவில்லை. முப்பதாம் நாள் எனக்குப் போன் செஞ்சாங்களே என்று மட்டும் சொன்னார். அவர் போனபிறகு நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன், மத்தியானம் சமைக்கவில்லை.

அமலி, இனி எழுதுவதை நீ உட்கார்ந்து படி. போன வருஷம் பிப்ரவரியில் அம்மா ஐ.சி.யூ.வில் கிடந்த மூன்று நாளும் கிளம்பட்டுமா என்று நீ கேட்டாய், டாக்டர் நம்பிக்கையாகச் சொல்கிறார் என்று நான் தடுத்தேன், அதில் பொய் இல்லை. வியாழக்கிழமை காலையில் அவள் போய்விட்டாள் என்று சொன்னதும், "டிக்கெட் பாக்கறேம்ப்பா, சனிக்கிழமை வரைக்கும் வெச்சிருப்பீங்களா" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதற்கு அலைகிறாய், புது வேலை வேறு, மூன்று கேமரா வைத்துப் பக்கத்தில் நிற்கிற மாதிரியே காட்டுகிறேன் என்றேன். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நீ பேசுவதற்கு அரை மணி நேரம் முன்புதான் லியோ மாமா ஃப்ரீசர் பாக்ஸுக்குச் சொல்லிவிட்டான், சாமியாரிடமும் பேசிவிட்டான், பாப்பா வரட்டும் மச்சான், ஞாயித்துக்கிழமை ஆனாலும் பரவாயில்லை என்றான். வேண்டாம், வெள்ளிக்கிழமையே வைத்துக்கொள்வோம் என்று சொன்னது நான். உனக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்பது ஒரு காரணம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்னொன்றும் உள்ளே இருந்தது. பதினைந்து வருஷம் ஊர் சிரித்த வேலையை என் வீட்டிலேயே என் மகளுக்கே ஒரு குறையும் இல்லாமல் செய்துகாட்ட வேண்டும் என்ற ஆசை. உன் அம்மா எல்லாரிடமும் கேட்கச் சொன்ன அந்த ஒரு கேள்வியை நான் உன்னிடம் கேட்கவே இல்லை. நீயாக வருகிறேன் என்று சொன்னபோதும் வேண்டாம் என்றேன்.

அடக்கத்தன்று நான் அவள் புருஷனாக அங்கே இல்லை, கேமராக்காரனாகத்தான் இருந்தேன். வந்தவர்கள் யாருக்கும் கை கொடுக்கவில்லை. பெட்டியை மூடும் முன் நெற்றியில் சிலுவை போட வா என்று லியோ கூப்பிட்டான், ஒரு நிமிஷம், வெளிச்சம் சரியில்லை என்றேன். நான் நிமிர்ந்தபோது மூடிவிட்டார்கள். நாற்பது வருஷம் கூட இருந்தவளின் முகத்தைக் கடைசியாக நான் பார்த்தது உள்ளங்கை அகலமுள்ள திரையில்தான், நீ பார்த்த அதே படத்தைத்தான் நானும் பார்த்தேன், பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு. கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழிக்குப் பக்கத்தில் வைத்தபோது உன் பக்கத்துப் படத்தைத் திறந்து பார்த்தேன், லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். உன் சமையலறை ஜன்னலில் மழை பெய்துகொண்டிருந்தது. வெள்ளைப் புடவை கட்டி, தலையில் முக்காடு போட்டு, கோயில் பெஞ்சில் இருப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். மாப்பிள்ளை குழந்தையை வெளியே கூட்டிப் போயிருந்தார் போலிருக்கிறது. சாமியார் ஜெபம் சொல்ல ஆரம்பித்ததும் நீ எழுந்து, நாற்காலியைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தத் தரையில் தனியாக முட்டி போட்டாய். வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளிடமெல்லாம் பக்கத்துல யாரு இருக்காங்க கண்ணு என்று கேட்டவள் பெட்டிக்குள் இருந்தாள், உன்னிடம் அதைக் கேட்க ஒருவர்கூட இல்லை. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. நான் நேரலையை நிறுத்திவிட்டேன். டவர் கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னது பொய், அன்றைக்கு சிக்னல் முழுதாக இருந்தது. பதினோரு நிமிடம் என்ன ஆயிற்று அப்பா என்று நீ ஒரே ஒரு தடவை கேட்டாய், அப்புறம் கேட்கவில்லை, அதற்கப்புறம் என்னிடம் நீ அழுததும் இல்லை. நீ கண்டுபிடித்துவிட்டாயோ என்று எனக்கு இன்றுவரை பயம்.

அந்தப் பதினோரு நிமிடத்தில் நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன், இது உனக்குச் சேரவேண்டியது. கேமராவைப் பக்கத்துக் கல்லறை மேல் வைத்துவிட்டு நான் குழி ஓரத்துக்குப் போனேன். நாலு பேர் கயிறு பிடித்து இறக்கினார்கள், தலைமாட்டுக் கயிறு ஒரு வேரில் மாட்டிப் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது, பாட்டு நின்றுவிட்டது. குழி வெட்டிய சின்னான் உள்ளே குதித்துத் தோள் கொடுத்து நேராக்கினார், அவர் ஏறி வந்தபிறகுதான் அது சமமாக உட்கார்ந்தது. நான் முதல் கை மண் போட்டேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, வீட்டில் வரவில்லை, கோயிலில் வரவில்லை. சத்தமாக அழுதேன் அம்மணி, லியோ என்னைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான், சாமியார் புத்தகத்தை மூடிவிட்டுக் காத்திருந்தார், யாரும் அவசரப்படுத்தவில்லை. மற்றவர்கள் போட வந்தபோது சின்னான் எல்லாரையும் நிறுத்தி, "பாப்பாவுக்கு யாருங்க போடறது" என்று கேட்டார். நான் குனிந்து இன்னொரு கை அள்ளினேன், பெயர் சொல்லிப் போடவேண்டும் என்றார்கள், நான் இன்னும் அழுதுகொண்டிருந்தேன். லியோதான் அமலி என்று சொன்னான், மாமாவின் குரல் உனக்குத் தெரியுமே, தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். உன் பெயருக்கு நான் போட்டேன், அது கால்மாட்டில் விழுந்தது. பிறகு எல்லாரும் போட்டார்கள். மண் மூடும்போது கேமராவை மறுபடி எடுத்தேன், நீ பார்த்தது அதிலிருந்துதான்.

நீ கோபப்பட்டால் அது சரிதான், பேசவேண்டாம் என்று தோன்றினாலும் நான் எதுவும் நினைக்கமாட்டேன். லியோவிடம் போன வாரம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பங்குப் பேரவையில் அவனைப் பேசியதற்கும் மன்னிப்புக் கேட்டேன், அதையெல்லாம் இப்ப எதுக்கு மச்சான் என்று முட்டியைத் தடவிக்கொண்டிருந்தான். நம் ஸ்டுடியோவில் சாவுக்கு நேரலை கேட்டு இன்னும் இரண்டொருவர் வருகிறார்கள், இப்போது அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் நானே முதலில் பேசுகிறேன், உன் அம்மா அளவுக்கு எனக்கு வராது, என்றாலும் பேசுகிறேன். போன புதன்கிழமை மஸ்கட்டில் இருக்கும் ஒரு பெண் கிளம்பி வந்துவிட்டாள்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள், இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பதை இப்போது பங்கிலேயே நேரலையில் போடுகிறார்கள், உனக்கும் லிங்க் வரும், நீ அதைத் திறக்காதே. உன் அம்மாவுக்கு இன்னும் கல்லறை கட்டவில்லை. ஒன்றரை வருஷம் ஆயிற்று, சிமெண்ட் போட்டுவிடலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், நான் விடவில்லை, மண்ணாகத்தான் இருக்கிறது, மழைக்குக் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது, ஓரத்தில் புல் முளைத்தால் சின்னான் பிடுங்கிவிடுகிறார். வசதிப்பட்டால் வா, சிரமப்படாதே என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அப்படி எழுதவில்லை. வா அம்மணி. ஈவானையும் கூட்டிக்கொண்டு வா. லீவு கிடைக்காவிட்டால் கிடைக்கிற மாதத்தில் வா, அதுவரைக்கும் அந்த மண்மேல் எதையும் கட்ட விடமாட்டேன்.

வெறும் வயிற்றில் டூட்டிக்குப் போகாதே, இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்காதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பேரன் நெற்றியில் தாத்தா பெயரைச் சொல்லி ஒரு சிலுவை போடு. இதற்கு நீ போனில் பதில் சொல்லவேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் பேசலாம், எழுத முடிந்தால் இரண்டு வரி எழுது, முடியாவிட்டால் விமான நாளை மட்டும் லியோ மாமாவுக்குச் சொல். உன்னையும் உன் வீட்டையும் ஆண்டவர் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் அம்மாவின் ஆசீர்வாதமும் உன்னோடு இருக்கும்.

உன் அப்பா,
சகாயம்